வலைத்தளக் கணக்குகளும் சங்கத்தின் விற்பனையும்

நல்ல சரக்கை நெய்வது ஒரு திறன். அதனை வாங்குவோர் அறியச் செய்வது மற்றொரு திறன். முன்னாளில் இவ்விரண்டாவது வேலையைச் சந்தையும் கண்காட்சியும் விற்பனை நிலையமும் செய்துவந்தன. இன்று கைப்பேசி வழியே இயங்கும் சமூக வலைத்தளங்களும் அவற்றோடு சேர்ந்துள்ளன. வாட்ஸ்அப், பேஸ்புக், இன்ஸ்டாகிராம், யூடியூப் ஆகிய நான்கிலும் கணக்குத் தொடங்கிவிட்டு, ஒன்றையும் ஒழுங்காக நடத்த இயலாமல் இடர்ப்படும் சங்கங்களை ஆய்வுக்குச் செல்லுமிடங்களில் நாம் காண்கிறோம். கணக்குத் தொடங்கக் கட்டணம் இல்லை என்பது உண்மையே. ஆயினும், அதனை நடத்த ஆகும் நேரம் தறியிலிருந்து எடுக்கப்படும் நேரம் என்பதை அங்கத்தினர்கள் மறத்தலாகாது.

எது எதற்கு உதவும்?

இன்ஸ்டாகிராமும் பேஸ்புக்கும் கடையின் கண்ணாடி அலமாரி போன்றவை; வழியே செல்வோர் பார்த்துச் செல்வர். யூடியூபில் பாவு ஓடுவதையும், கோர்வை போட்டுக் கரை இணைப்பதையும் படமாக்கி வைத்தால், கைத்தறிச் சேலைக்கு ஏன் இவ்விலை என்பதை வாங்குவோர் தாமே உணர்வர். வாட்ஸ்அப் கல்லாப்பெட்டி அருகிலுள்ள மேசை. விலை பேசி முடிப்பது அங்கேதான். 2018-இல் வெளிவந்த வணிகர்களுக்கான வாட்ஸ்அப் செயலியில் சரக்குப் பட்டியலைப் படத்துடன் வைக்கவும் வசதி உண்டு.

ஆள்பலம் குறைந்த சங்கம் காட்டுவதற்கு ஒன்றும், பேசுவதற்கு ஒன்றுமாக இரண்டைத் தேர்ந்துகொள்வதே சாலும். வாரத்தில் ஒரு நாள், பகல் வெளிச்சத்தில் சேலையின் உடல், கரை, முந்தி, பின்புறம் ஆகியவற்றைப் படமெடுத்து, நூல் ரகம், நீளம், விலை ஆகியவற்றை ஒருமுறை எழுதி வைத்தால், அதையே எல்லாக் கணக்கிலும் இடலாம். பேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் ஒரே நிறுவனத்தினுடையவை; ஆதலால் இரண்டிலும் ஒருசேர, நாள் குறித்து முன்கூட்டியே பதிந்து வைக்கவும் இயலும். விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று எழுதுவது மட்டும் எங்கும் கூடாது. 2006-இல் ஏற்பட்ட கைத்தறி முத்திரையைப் பெற்றுள்ள சங்கங்கள் அதனைப் படத்தில் தெளிவாகக் காட்டுக.

ஒரு சேலை, மூன்று வாடிக்கையாளர்

ஒரே சேலையை மூன்று இடங்களில் காட்டும்போது, மூவர் அதற்குப் பணம் அனுப்பிவிடுவதும் உண்டு. பணத்தைத் திருப்பித் தரலாம். நம்பிக்கையைத் திருப்பிப் பெறுதல் அரிது. இதற்குப் பரிகாரம் பழைய இருப்புப் பதிவேடே. ஒவ்வொரு சேலைக்கும் ஓர் எண் கொடுத்து, எல்லாப் பதிவிலும் அவ்வெண்ணைக் குறிக்க வேண்டும். விற்பனையானதும் முதலில் பதிவேட்டில் கழித்து, உடனே ஏனைய இடங்களில் "விற்பனையாயிற்று" என எழுதிவிட வேண்டும்.

பணம் சங்கத்தின் வங்கிக் கணக்கிற்கே வருதல் வேண்டும். எந்த அங்கத்தினரின் சொந்தக் கணக்கிற்கும் வரலாகாது. பணம் அனுப்பியதாகக் காட்டும் படத்தை மட்டும் நம்பிச் சரக்கு அனுப்பாமல், வங்கியில் வரவு ஆகியிருப்பதைப் பார்த்த பின்னரே அனுப்புக. யூ.பி.ஐ. முறையில் பணம் பெறுவதற்கு இரகசிய எண்ணை இட வேண்டிய தேவையே இல்லை. இடச் சொல்பவன் ஏமாற்றுபவன். பணம் பறிபோனால் தாமதமின்றி 1930 என்ற எண்ணிற்குத் தெரிவிக்க வேண்டும்.

கணக்கு யாருடையது?

இதுவே தலையாய கேள்வி. ஆர்வமுள்ள இளைஞர் ஒருவர் தம் சொந்தக் கைப்பேசியில் சங்கத்திற்காகக் கணக்கு நடத்துவார். அவர் வேறு வேலைக்குச் சென்றுவிட்டால், பல ஆண்டு முயன்று சேர்த்த வாடிக்கையாளரும் அவரோடு சென்றுவிடுவர். இதில் அவரைக் குறை கூறிப் பயனில்லை. ஏற்பாடு செய்யாதது நிர்வாகக் குழுவின் பொறுப்பு. எனவே சங்கத்தின் பெயரில் தொலைபேசி எண் பெற்று, அதைக் கொண்டே கணக்குகளைத் தொடங்க வேண்டும். எவர் நடத்துவது என்பதைத் தீர்மானமாக எழுதி, கடவுச்சொற்களை உறையிலிட்டு முத்திரையுடன் சங்கப் பெட்டகத்தில் வைத்தல் நலம்.

இதற்கும் மேலான ஓர் உண்மை உண்டு. வலைத்தளம் நமது சொந்த இடமன்று. வாடகையில்லாத பிறர் இடம். 2020 ஜூன் 29-ஆம் நாள் இந்திய அரசு டிக்டாக்கைத் தடை செய்தபோது, அதில் மட்டுமே கடை விரித்திருந்தோர் தம்மைப் பின்தொடர்ந்தோரை இழந்தனர். 2021 அக்டோபர் 4-ஆம் நாள் பேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் ஒருங்கே முடங்கின. மூன்று கணக்கு வைத்திருந்தோருக்கும் அன்று ஒரு கதவும் திறக்கவில்லை.

ஆதலின், வாங்கியவரின் பெயர், ஊர், தொலைபேசி எண், வாங்கிய சரக்கு ஆகியவற்றை அவர் சம்மதத்துடன் சங்கத்தின் புத்தகத்தில் பதிந்து பாதுகாப்பீர்களாக. மஞ்சளும் வெல்லமும் விற்கும் விளைவிப்போர் சங்கங்களுக்கும் இது பொருந்தும். வலைத்தளங்கள் வரும், போகும். புத்தகத்திலுள்ள வாடிக்கையாளரே சங்கத்தின் நிலையான சொத்து. அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இப்பொருளை எடுத்துக்கொள்ளுமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.