பாறை உச்சியில் ஏதோம்
சேலா பாறைக்கோட்டை, தஃபீலா அருகில், ஜோர்தான்

எதிரே செங்குத்தாக நிற்கும் மணற்பாறை ஏதோமியரின் அரண். விவிலியம் சொல்லும் சேலா இதுவே எனப் பல ஆய்வாளர்கள் கருதுகின்றனர். உச்சிக்குச் செல்லக் குறுகிய படிவழி மட்டுமே உண்டு. மழைநீர் சேர்க்கும் தொட்டிகள் பாறையிலேயே குடையப்பட்டுள்ளன. ஃபைனான் பள்ளத்தாக்கின் செம்பும், அரேபிய வணிகப் பாதையும் ஏதோம் நாட்டுக்கு வளம் சேர்த்தன.

ஒபதியாவின் எச்சரிக்கை
ஒபதியா நூலில் 21 வசனங்களே உள்ளன; பழைய ஏற்பாட்டில் மிகச் சிறியது இதுதான். 'யாரால் என்னை வீழ்த்த முடியும்' என்ற ஏதோமின் இறுமாப்பை அது கண்டிக்கிறது. எருசலேம் சூறையாடப்பட்டபோது ஏதோமியர் வேடிக்கை பார்த்தனர், கொள்ளையில் பங்கு கொண்டனர், தப்பி ஓடியவர்களை வழிமறித்துப் பிடித்துக் கொடுத்தனர் என்றும் குற்றம் சாட்டுகிறது. விவிலிய மரபில் ஏசாவின் வழிவந்த ஏதோமும் யாக்கோபின் வழிவந்த இஸ்ரவேலும் உடன்பிறந்தோர்.

பாறைச் சிற்பம்
பாறை முகத்தில் கோல் ஏந்திய அரசர் ஒருவர் நிற்கிறார். அவர் முன்னே பிறை, கதிரவன், விண்மீன். இவர் கி.மு. 6ஆம் நூற்றாண்டில் ஏதோமை அடக்கிய பாபிலோனிய மன்னர் நபோனிதஸ் என்பது பொதுவான கருத்து. அருகிலுள்ள ஆப்பெழுத்துகள் பெரிதும் தேய்ந்துவிட்டன. பின்னாளில் இம்மண் நபத்தேயர் வசமானது.

இன்றைக்கு
அரணையும் செல்வத்தையும் நம்பி, அண்டை நாட்டின் அழிவில் ஆதாயம் தேடும் எந்த அரசுக்கும் ஒபதியாவின் சொல் பொருந்தும். எல்லைக்கு வரும் அகதியை எப்படி நடத்துகிறது என்பதே ஒரு நாட்டின் தரத்துக்கு உரைகல்.