தீயரணும் மென்பொருட் பொதிகளும்

அரண் என்பது தமிழில் பழஞ்சொல். திருக்குறளில் அதற்கெனத் தனி அதிகாரமே உண்டு. கட்டடத்தில் தீ பரவாமல் தடுக்க எழுப்பும் சுவரின் பெயர், உவமை பற்றி ஆங்கிலத்தில் கணினிக் காவலுக்கும் ஆயிற்று. ‘ஃபயர்வால்’ எனும் அதனையே நாம் தீயரண் என்கிறோம். பள்ளியிலும் அலுவலகத்திலும் இக்காவல் உள்ள இடத்தில், மென்பொருட் பொதிகளை இணையத்திலிருந்து இறக்குவது சில வேளைகளில் தடைப்படுகிறது. அதன் காரணங்களையும் தீர்வுகளையும் ஈண்டுக் காண்போம்.

கணினிகள் எண்ணிட்ட வாயில்களின் வழியே உரையாடுகின்றன. இணையப் பக்கங்களுக்கு 80ஆம் வாயிலும், மறையாக்கம் செய்த போக்குவரத்துக்கு 443ஆம் வாயிலும் உரியன. உள்ளிருந்து தொடங்கிய உரையாடலுக்கு விடை வரலாம். வெளியிலிருந்து புதிதாகத் தொடங்குவது நுழையலாகாது. பெரும்பாலான தீயரண்களின் அடிப்படை விதி இதுவே.

இவ்விதியால் இடர்ப்பட்டது ‘எஃப்.டி.பி.’ என்னும் பழைய முறை. அதில் கட்டளை 21ஆம் வாயிலில் செல்லும். கோப்போ வேறோர் இணைப்பில் வரும். அவ்விரண்டாம் இணைப்பை வெளியிலுள்ள கணினியே தொடங்குவதால், தீயரண் அதனை அயலார் நுழைவாகக் கருதித் தடுக்கும். அதனையும் உள்ளிருப்பவரே தொடங்கும் முறையை 1994இல் ஸ்டீவன் பெல்லோவின் பரிந்துரைத்தார். டெபியன் திட்டத்தினர் 2017 நவம்பர் 1இல் தம் பொது எஃப்.டி.பி. சேவையையே நிறுத்தினர். தீயரண்களில் ஒவ்வாத ஒட்டுவேலை செய்ய நேர்வதும் அவர்கள் கூறிய காரணங்களுள் ஒன்று.

இக்காலத்துத் தடைகள் பெரும்பாலும் மூன்று.

முதலாவது, பதிலாள். ‘ப்ராக்ஸி’ எனப்படும் இடைக்கணினி ஒன்றே வெளியே சென்று யாவற்றையும் வாங்கி வருமாறு பல நிறுவனங்கள் அமைத்துள்ளன. உலாவிக்கு அதன் முகவரி தெரியும்; பொதி இறக்கும் கருவிக்குத் தெரியாது. அதனால் பக்கம் திறக்கும், பொதி வாராது. டெபியனின் ‘ஆப்ட்’ போன்ற கருவியின் அமைப்புக் கோப்பில் பதிலாளின் முகவரியையும் வாயில் எண்ணையும் எழுதினால் இக்குறை நீங்கும்.

இரண்டாவது, பெயர்ப்பட்டியல். சில தீயரண்கள் பட்டியலில் உள்ள முகவரிகளையே அனுமதிக்கும். பைத்தன் மொழிப் பொதிகளின் அட்டவணை ‘பைபிஐ’ முகவரியில் உள்ளது. பொதிகளோ ‘பைத்தன்ஹோஸ்டட்’ என்னும் வேறு முகவரியிலிருந்து வருகின்றன. முன்னதை மட்டும் அனுமதித்தால் பொதியின் பெயர் தென்படும், பொதி கிட்டாது. இரண்டையும் பட்டியலிற் சேர்த்தல் வேண்டும்.

மூன்றாவது, சான்றிதழ். மறையாக்கம் செய்தவற்றையும் பிரித்துப் பார்க்கும் தீயரண், அவற்றைத் தன் சான்றிதழோடு மீண்டும் மூடி அனுப்பும். கருவி அச்சான்றிதழை அறியாமையால் ஏற்க மறுக்கும். சரிபார்ப்பையே நிறுத்திவிடுவது பலர் செய்யும் குறுக்குவழி. அது பெருங்கேடு, இடையில் நிற்கும் எவரும் போலிப் பொதியைத் தந்துவிடலாம். வலையமைப்புப் பொறுப்பாளரிடம் நிறுவனத்தின் மூலச் சான்றிதழைப் பெற்று, கருவியின் நம்பிக்கைப் பட்டியலிற் சேர்ப்பதே முறை.

டெபியன் தன் பொதிப் பட்டியலுக்கு மின்கையொப்பம் இடுகிறது. பொதி எவர் கைமாறி வந்தாலும் மாற்றம் செய்யப்பட்டிருந்தால் புலப்படும் என்பது அதன் பயன். ஆயினும் 2019 சனவரியில் ஆப்ட் கருவியிலேயே ஒரு வழு வெளிப்பட்டது. இடைநிற்பவர் போலிப் பொதியைப் புகுத்த அது இடந்தந்தது. உடனே திருத்தமும் வெளியாயிற்று. ஒரு காவல் உண்டென்று மற்றொன்றைக் கைவிடலாகாது என்பதற்கு இது சான்று.

ஆதலின், பொதி வாராதபோது பிழைச்செய்தியை முதலிற் படித்தல் வேண்டும். முகவரிப் பெயர் அறியப்படவில்லை என்றால் பெயர்ச் சேவையையும் பதிலாள் அமைப்பையும் பார்க்க. நெடுநேரம் விடையின்றி முடிந்தால் வாயிலிற் பெரும்பாலும் தடையுண்டு. சான்றிதழ் பற்றிய செய்தியாயின் மேற்கூறிய தீர்வைக் கொள்க. இன்ன முகவரி, இன்ன வாயில் எனக் குறித்துப் பொறுப்பாளரிடம் எழுதிக் கேட்டால் அவரும் எளிதில் திறந்துவிடுவார். ஒரு பொதிக்காகத் தீயரண் முழுவதையும் அணைத்துவைப்பது, விருந்தினர் ஒருவர் வரக் கோட்டை மதிலை இடிப்பதை ஒக்கும்.