பேய் ஏன் இரண்டாம் பாகத்திலும் வருகிறது?

போர்க்காலத்தில் மின்சாரம் எட்டாத படுவான்கரைக் கிராமங்களில் படம் பார்ப்பது ஊர்ச் சடங்கு போன்றது. ஜெனரேற்றரும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, முற்றத்தில் பாய் விரித்து, விடிய விடிய மூன்று நான்கு படங்கள் ஓடும். இன்று அதே வெல்லாவெளிப் பக்கத்தில் கையடக்கத் தொலைபேசியில் படம் பார்க்கிறார்கள். பார்க்கும் கருவிதான் மாறியிருக்கிறது. பேய்ப்படம் என்றால் பெரியவர்களும் பிள்ளைகளும் இப்போதும் ஒன்றாகக் கூடிவிடுகிறார்கள்.

ராகவா லோரன்ஸ் இயக்கிய ‘முனி’ 2007இல் வெளிவந்தது. கிழக்கில் போர் ஓய்ந்ததும் அதே ஆண்டில்தான். அதன் பின் ‘காஞ்சனா’ 2011இலும், அதன் அடுத்த பாகங்கள் 2015இலும் 2019இலும் வந்தன. சுந்தர் சி.யின் ‘அரண்மனை’ 2014 முதல் 2024 வரை நான்கு பாகங்களைக் கண்டுவிட்டது. ஒரே வகைப் படத்தை ஓர் இயக்குநர் ஏன் திரும்பத் திரும்ப எடுக்கிறார்? முடிவு தெரிந்திருந்தும் நாம் ஏன் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம்?

வகை என்பது ஓர் உடன்பாடு

பேய்ப்படம், பொலிஸ் படம், காதல் படம் என்று நாம் பிரிப்பதைத்தான் திரைப்படக் கல்வியில் ‘வகைமை’ என்கிறார்கள். கூத்துப் பார்த்து வளர்ந்த மட்டக்களப்பாருக்கு இதை விளக்கத் தேவையில்லை. வடமோடியா தென்மோடியா என்பது ஆட்டத்திலும் பாட்டிலும் உடுப்பிலும் உடனே தெரிந்துவிடும். கதையும் முன்பே தெரிந்ததுதான். அருச்சுனன் என்ன செய்வான் என்று அறிவதற்காக யாரும் களரிக்குப் போவதில்லை. இந்த முறை அதை எப்படி ஆடுகிறார்கள் என்று பார்க்கவே போகிறார்கள்.

வகைமைப் படமும் அப்படித்தான். அது பார்வையாளருடன் இயக்குநர் செய்துகொள்ளும் உடன்பாடு. பயம் வரும், சிரிப்பு வரும், கடைசியில் கெட்டவன் அழிவான் என்ற வாக்குறுதி முன்கூட்டியே தரப்படுகிறது. அந்த எல்லைக்குள் நின்று புதிதாக ஒன்றைச் சொல்ல முடிகிறதா என்பதே இயக்குநருக்குரிய சோதனை.

இரண்டாம் பாகத்தின் கணக்கு

அமெரிக்க இயக்குநர் ஜோன் கார்பென்டர் 1978இல் ‘ஹலோவீன்’ படத்தை எடுத்தார். செலவு ஏறத்தாழ 3 இலட்சம் டொலர். வருமானமோ கோடிக்கணக்கில் வந்தது. உடனே இரண்டாம் பாகம் கேட்டார்கள். 1981இல் வெளியான அந்தப் படத்தைக் கார்பென்டர் இயக்கவில்லை. டெப்ரா ஹில்லுடன் சேர்ந்து எழுதிக் கொடுத்தார். சொல்வதற்குக் கதை எதுவும் மிச்சம் இருக்கவில்லை என்று பிற்காலத்தில் அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்.

அவரிடம் வேறொரு யோசனை இருந்தது. அதே கொலைகாரனைத் திரும்ப எழுப்பாமல், ஒவ்வொரு பாகத்திலும் புதிய பயங்கரக் கதையைச் சொல்லலாம் என்று நினைத்தார். 1982இல் வந்த மூன்றாம் பாகம் அப்படித்தான் அமைந்தது. பழைய முகமூடிக் கொலைகாரன் அதில் வரவில்லை என்று பார்வையாளர்கள் ஏமாற்றமடைந்தார்கள். 1988இல் தயாரிப்பாளர்கள் அவனையே மறுபடி கொண்டுவந்தார்கள். நான்காம் பாகத்தின் தலைப்பிலேயே அவன் திரும்பி வருவது சொல்லப்பட்டிருந்தது.

தொடர் படத்தின் பொருளாதாரம் இதுதான். புதிய கதையொன்றை மக்களிடம் அறிமுகப்படுத்தப் பெரும் விளம்பரம் தேவை. ‘காஞ்சனா’ என்ற பெயருக்கு அது தேவையில்லை. படம் தொடங்கும் முன்பே தொலைக்காட்சி உரிமை, இணைய உரிமை, மொழிமாற்று உரிமை ஆகியவற்றுக்கு விலை பேசலாம். பெயரே முதலாகிவிடுகிறது. ஆனால் அந்தப் பெயரில் இயக்குநரும் சிறைப்பட்டுப் போகிறார்.

இதிலிருந்து தப்பியவர்களும் உண்டு. ஜோர்ஜ் ரொமேரோ 1968, 1978, 1985 ஆகிய ஆண்டுகளில் எடுத்த நடைபிண மூன்று படங்களிலும் பிணங்கள் ஒன்றுதான், கேள்விகள் வேறு வேறு. முதலாவதில் ஒரு வீட்டுக்குள் அடைபட்ட மனிதர்களின் பகை, இரண்டாவதில் கடைத்தொகுதியும் நுகர்வு வெறியும், மூன்றாவதில் இராணுவ அதிகாரம்.

எதிர்த்திசைக்கு உதாரணமும் நம் அருகிலேயே இருக்கிறது. 1993இல் ஃபாசில் இயக்கிய மலையாளப் படம் ‘மணிச்சித்திரத்தாழ்’. அதில் பேய் இல்லை. மனம் நொந்த ஒரு பெண்தான் இருக்கிறாள். பி. வாசு அதைக் கன்னடத்தில் ‘ஆப்தமித்ரா’வாகவும் 2005இல் தமிழில் ‘சந்திரமுகி’யாகவும் எடுத்தார். 2023இல் அவரே எடுத்த ‘சந்திரமுகி 2’இல் நிஜமாகவே பேய் வந்துவிட்டது. முதல் படத்தின் உயிர்நாடி எதுவோ, அதைத்தான் தொடர்ச்சி கைவிட்டது.

தமிழ்ப் பேயின் வாக்குமூலம்

தமிழ்ப் பேய்ப்படத்துக்குத் தனியான ஓர் அமைப்பு உண்டு. முதற்பாதியில் பேய் பயமுறுத்தும். இடைவேளைக்குப் பிறகு ஒரு முன்கதை வரும். அதில் பேய் உயிரோடு இருந்த காலம் தெரியும். ‘காஞ்சனா’வில் சரத்குமார் நடித்த திருநங்கை, நிலத்துக்காக அரசியல்வாதி ஒருவரால் கொல்லப்படுகிறார். அந்தக் கணத்திலிருந்து நாம் பேயின் பக்கம் சாய்ந்துவிடுகிறோம். யார் கொன்றது, எங்கே புதைத்தது, ஏன் செய்தது என்று எல்லாவற்றையும் பேயே சொல்கிறது. சாட்சி, விசாரணை, தீர்ப்பு, தண்டனை எல்லாம் இரண்டரை மணித்தியாலத்தில் முடிந்துவிடுகின்றன.

போரைக் கடந்து வந்த ஒருவர் இதைப் பார்க்கும்போது வெறும் பொழுதுபோக்காக மட்டும் அது இருக்க முடியாது. நிலத்துக்காகக் கொல்லப்படுவதும் அடையாளமில்லாத இடத்தில் புதைக்கப்படுவதும் இங்கே திரைக்கதை உத்திகள் அல்ல. 2023இல் கொக்குத்தொடுவாயில் மனித எச்சங்கள் வெளிப்பட்டன. 2025இல் செம்மணி சித்துப்பாத்தியில் 200இற்கும் மேற்பட்ட எலும்புக்கூட்டுத் தொகுதிகள் அடையாளம் காணப்பட்டன. படத்தில் வரும் பேய் தன் பெயரைச் சொல்கிறது. இந்த எலும்புகளுக்குப் பெயர் சொல்ல ஆய்வுகூடமும் நீதிமன்றமும் அரசின் விருப்பமும் வேண்டியிருக்கிறது.

இரண்டாம் பாகம் என்ற சொல்லும் இங்கே வேறு பொருள் தருகிறது. 2010இல் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு வந்தது. 2013இல் பரணகம ஆணைக்குழு வந்தது. 2016இல் காணாமல் போனோர் அலுவலகத்துக்கான சட்டம் நிறைவேறியது. ஒவ்வொன்றின் முன்னும் தாய்மார் அதே புகைப்படத்துடன் போய் அதே கதையைச் சொன்னார்கள். முடிவே எழுதப்படாத முதற்பாகத்துக்கு அடுத்தடுத்த பாகங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. இறந்தவரின் பேயைப் பற்றிய படம் இவர்களுக்கு இன்னொரு சங்கடத்தையும் தருகிறது. பேய் வந்தால் ஆள் இறந்துவிட்டார் என்றாகிவிடும். அதை ஏற்க இவர்கள் தயாராக இல்லை. ஏற்கச் சொல்ல யாரிடமும் ஆதாரமும் இல்லை.

குளிர்த்தி

அநியாயமாகக் கொல்லப்பட்டவருக்காக எழும் கோபத்தை மட்டக்களப்பு மக்கள் சினிமாவுக்கு மிக முன்பே அறிவார்கள். வைகாசிச் சடங்கில் கண்ணகி அம்மன் கோயில்களின் கதவு திறக்கப்படுகிறது. கண்ணகி வழக்குரை படிக்கப்படுகிறது. ஆண்டுதோறும் அதே வழக்குத்தான், அதே அரசவைதான். ஆனால் சடங்கு மதுரை எரிந்ததோடு நின்றுவிடுவதில்லை. இறுதியில் குளிர்த்தி பாடி அம்மனைக் குளிர்விக்கிறார்கள். நீதி கேட்ட கோபத்தை மதித்து, அது ஊரை எரித்துவிடாமல் ஆற்றுகிறார்கள்.

தொடர் பேய்ப்படத்தில் இல்லாதது இந்தக் குளிர்த்திதான். அடுத்த பாகம் வேண்டும் என்பதால் கடைசிக் காட்சியில் கதவு மறுபடி படாரென்று சாத்தப்பட வேண்டும், கண் மறுபடி சிவக்க வேண்டும். மிஷ்கினின் ‘பிசாசு’ (2014) இதற்கு ஒரு விதிவிலக்கு. அதில் இறந்த பெண்ணின் ஆவி பழிவாங்க வரவில்லை. தன் இறப்புக்குக் காரணமானவனையே காக்கிறது. பேய்ப்படம் என்ற உடன்பாட்டுக்குள் நின்றபடியே துக்கத்தைப் பற்றியும் பேசலாம் என்பதை அந்தப் படம் காட்டியது.

இன்று கிழக்கிலும் இளைஞர்கள் குறும்படம் எடுக்கிறார்கள். வகைமைப் படம் தாழ்ந்தது, போரைப் பற்றிய படம் உயர்ந்தது என்றொரு பிரிவினை இவர்கள் நடுவே உண்டு. அந்தப் பிரிவினை தேவையில்லை. நேரடியாகச் சொல்ல அச்சமாக இருக்கும் ஒன்றைப் பேய்க்கதைக்குள் வைத்துச் சொல்லலாம். முற்றத்துப் பாயில் இருக்கும் அம்மம்மாவும் பேரனும் அதைச் சேர்ந்தே பார்ப்பார்கள். ஆனால் கமெராவை எடுப்பதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்: இந்தப் பேய் எதைக் கேட்டு வந்திருக்கிறது? அந்தக் கேள்விக்குப் பதில் உள்ளவர் எத்தனை பாகமும் எடுக்கலாம். பதில் இல்லாதவர் முதற்பாகத்தையே இன்னும் எழுதி முடிக்கவில்லை.