டவுன்வோட் போடுபவர் காரணம் சொல்லணுமா?

இரவு மணி 11. பாடவேலையை நாளைக் காலை ஒப்படைக்கணும். நீங்கள் எழுதிய நிரல் ஓட மாட்டேன் என்கிறது. வேறு வழியில்லாமல் ஸ்டேக் ஓவர்ஃபுளோ தளத்தில் முதன்முறையாக ஒரு கேள்வி கேட்கிறீர்கள்.

பத்து நிமிடத்தில் கேள்விக்குப் பக்கத்தில் -1. கொஞ்ச நேரத்தில் -2. பதில் ஒன்றுகூட வரவில்லை. யார் போட்டார், ஏன் போட்டார்? எதுவும் தெரியாது.

"பிடிக்கலைன்னா காரணத்தையாவது சொல்லிட்டுப் போங்களேன்!"

நியாயமான கோபம்தான். அந்தத் தளத்தில் இந்தக் கோரிக்கை பல ஆண்டாகத் திரும்பத் திரும்ப எழுகிறது. ஆனாலும் காரணம் சொல்வது இன்னும் கட்டாயமாகவில்லை. ஏன்?

அங்கே எப்படி நடக்கிறது?

2008இல் தொடங்கிய தளம் அது. 125 மதிப்புப் புள்ளி சேர்த்தவர்தான் டவுன்வோட் போட முடியும். உங்கள் கேள்விக்கோ பதிலுக்கோ ஒரு டவுன்வோட் விழுந்தால் உங்களுக்கு 2 புள்ளி குறையும். ஒருவரின் பதிலுக்கு டவுன்வோட் போட்டால், போட்டவருக்கும் 1 புள்ளி போகும். அதாவது, காரணம் கேட்கவில்லை. அதற்குப் பதிலாகச் சின்னதாக ஒரு விலை வைத்திருக்கிறார்கள்.

புதியவரின் புள்ளி 1க்குக் கீழே இறங்காது. அப்போ அவருக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். நட்டம் வேறு இடத்தில். கேட்கும் கேள்விகளுக்குத் தொடர்ந்து டவுன்வோட் விழுந்தால், தளம் தானாகவே அவரைப் புதுக் கேள்வி கேட்கவிடாமல் தடுத்துவிடும். எங்கே தவறினோம் என்று தெரியாமலேயே கதவு மூடிவிடும்.

போடுபவர் பக்கம் என்ன?

டவுன்வோட் போடும்போது பெயர் தெரியாது. கருத்து எழுதினால் பெயர் தெரியும். "நீதானா அது?" என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். இன்னும் சிலர், எழுதியவரின் பழைய பதிவுகளைத் தேடிப்போய்ப் பழிக்குப் பழி டவுன்வோட் போடுவார்கள்.

சரி, பெயரை மறைத்துவிட்டுக் காரணத்தை மட்டும் கட்டாயமாக்கினால்? பெட்டியில் ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போவார்கள். இல்லாவிட்டால் வாக்களிக்காமலேயே நகர்ந்துவிடுவார்கள். இரண்டாவதுதான் எனக்குக் கவலை தருகிறது.

ஏனென்றால் டவுன்வோட் எழுதியவருக்கு மட்டும் சொல்லும் சேதி அல்ல. அடுத்து வந்து படிப்பவருக்கும் அது ஓர் எச்சரிக்கை. பாதுகாப்பு ஓட்டை உள்ள ஒரு நிரலை யாரோ பதிலாகப் போட்டிருக்கிறார், நீங்கள் அதை அப்படியே எடுத்து ஒட்டப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தில் -6 இருந்தால் கொஞ்சம் யோசிப்பீர்கள், இல்லையா?

2021 நவம்பரில் யூடியூப் டிஸ்லைக் எண்ணிக்கையைப் பொதுப் பார்வையிலிருந்து மறைத்தது. சிறிய படைப்பாளர்களைக் குறிவைத்துக் கூட்டமாக டிஸ்லைக் போடுவதைக் குறைக்கத்தான் என்றது. ஆனால், உதவாத காணொளியை இனி எப்படி அடையாளம் காண்பது என்று பார்வையாளர்கள் பொங்கினார்கள். நிறுவனர்களில் ஒருவரான ஜாவெட் கரீமே எதிர்ப்புத் தெரிவித்தார்.

சொல்லாமல் போனால் என்ன ஆகும்?

செய்தித் தளங்கள் உள்ளிட்ட 4 இணையச் சமூகங்களை ஆராய்ந்த ஓர் ஆய்வு 2014இல் வெளியானது. ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அதில் பங்கெடுத்தனர். எதிர்மறை வாக்கு வாங்கியவர் அடங்கிப்போவார் என்றுதானே நினைப்போம்? இல்லை. அவர்கள் முன்பைவிட அதிகமாக எழுதினார்கள். எழுத்தின் தரமோ இறங்கியது. போதாக்குறைக்கு, மற்றவர்களுக்கும் எதிர்மறை வாக்குகளை அள்ளிப் போட்டார்கள். வெறும் எண் யாரையும் திருத்தவில்லை.

நடுவில் ஒரு வழி

1997இல் தொடங்கிய ஸ்லாஷ்டாட் என்ற தொழில்நுட்பச் செய்தித் தளம் இதை வேறு மாதிரி கையாண்டது. வாசகர்களில் சிலருக்கு மட்டும் அவ்வப்போது மதிப்பிடும் உரிமை தரப்படும். மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டுமென்றால் ஒரு காரணத்தைத் தேர்ந்தெடுக்கணும்: தலைப்புக்குத் தொடர்பில்லை, வம்புக்கு இழுக்கிறது, சொன்னதையே சொல்கிறது. காரணம் தெரியும், மதிப்பிட்டவர் பெயர் தெரியாது. அதிலும் ஒரு சந்து உண்டு. "தேவைக்கு மேல் மதிப்பெண் பெற்றுவிட்டது" என்பதும் பட்டியலில் இருந்தது. காரணமே இல்லாதவருக்கு அது போதுமே!

ஆனாலும் என் வாக்கு இந்த வழிக்குத்தான். கட்டுரை எழுதச் சொன்னால் யாரும் எழுதமாட்டார்கள். ஒரு பொத்தானை அழுத்தச் சொன்னால் அழுத்துவார்கள். அதையும் எல்லாருக்கும் செய்யத் தேவையில்லை. புதியவரின் முதல் சில பதிவுகளுக்கு மட்டும் கேட்டாலே போதும். "பிழைச் செய்தி இல்லை", "ஏற்கெனவே கேட்ட கேள்வி" என்று ஒரு வரி தெரிந்தால், அந்த இரவு 11 மணி மாணவருக்கு அடுத்து என்ன செய்யணும் என்று புரிந்துவிடும்.

உங்களுக்கு -2 விழுந்திருந்தால்?

கேள்வியை அவசரப்பட்டு அழித்துவிடாதீர்கள். பிழைச் செய்தியை முழுமையாகச் சேருங்கள். 200 வரி நிரலை ஒட்டியிருந்தால், சிக்கல் வரும் பத்து வரியாகச் சுருக்குங்கள். என்னென்ன முயன்று பார்த்தீர்கள் என்றும் எழுதுங்கள்.

ஸ்டேக் ஓவர்ஃபுளோவில் ஒருவர் போட்ட வாக்கு சில நிமிடத்தில் பூட்டிக்கொள்ளும். பிறகு அவரே நினைத்தாலும் மாற்ற முடியாது. பதிவை யாராவது திருத்தினால்தான் அந்தப் பூட்டு திறக்கும்.