மூப்பும் மருந்துச் சேர்க்கையும்

நோய் பலவாயின் மருந்தும் பலவாதல் இயல்பே. ஆயினும், தனித்தனியே நலம் பயக்கும் இரு மருந்துகள் ஒருங்கு சேருமிடத்துக் கேடு விளைத்தலும் உண்டு. முதியோரின் இருதய மருத்துவத்தில் இவ்வுண்மை தெளிவாகப் புலப்படும்.

தளர்ந்த இருதயத்துக்கு உதவும் எனலபிரில் போன்ற மருந்துகள், பொற்றாசியம் என்னும் தாது சிறுநீருடன் கழிவதைக் குறைப்பன. ஸ்பைரோனோலக்ரோனும் அத்தகையதே. கடும் இருதயத் தளர்ச்சியுற்றோர்க்கு இதனையுஞ் சேர்த்துக் கொடுத்தபோது மரண அபாயம் நூற்றுக்கு 30 குறைந்ததென 1999இல் ஓர் ஆய்வு காட்டிற்று. அவ்வாய்வில், சிறுநீரகம் பெரிதும் பழுதுற்றோர் விலக்கப்பட்டனர். ஏனையோரின் இரத்தம் காலந்தோறும் சோதிக்கப்பட்டது.

ஆய்வுக்கூடத்துக்கு வெளியே நிகழ்ந்தது வேறு. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், எனலபிரில் இன மருந்துண்ட முதிய இருதய நோயாளருள் ஆயிரவர்க்கு 34 ஆக 1994இல் இருந்த ஸ்பைரோனோலக்ரோன் வழங்கல், 2001இன் இறுதியில் 149 ஆக உயர்ந்தது. பொற்றாசிய மிகையால் மருத்துவமனை புகுந்தோர் ஆயிரவர்க்கு 2.4இலிருந்து 11 ஆயினர். இறந்தோர் தொகையும் பெருகிற்று.

காரணம் யாது? மூப்பிற் சிறுநீரகத்தின் வடிக்கும் ஆற்றல் குன்றும். தேங்கிய பொற்றாசியம் இருதயத் துடிப்பைக் குலைக்கும், நிறுத்தவுங்கூடும். மூட்டுவலிக்குத் தாமே வாங்கியுண்ணும் இபுபுரூபன் குளிசையும் அபாயத்தை மிகுவிக்கும்.

இதனாலஞ்சி மருந்தைத் தாமே நிறுத்துதலுந் தவறே. வீட்டிலுள்ள முதியோர் உண்ணும் குளிசைகள் அனைத்தையும் வைத்தியரிடங் காட்டி, இரத்தப் பரிசோதனை வேண்டுமோவென வினவுதல் இளையோர் கடன்.