கெடு தவறிய பணம்: நில மேம்பாட்டு ஒப்பந்தங்களும் சட்டமும்

நிலத்தை விலைக்கு வாங்கியோ உரிமையாளருடன் கூட்டுச் சேர்ந்தோ கட்டடம் எழுப்ப முனைபவர்கள் செய்துகொள்ளும் ஒப்பந்தத்தில், எல்லை, அனுமதி, பங்கு என்று எத்தனை ஷரத்துகள் இருந்தாலும், வழக்கில் அதிகம் அடிபடுவது பணம் எப்போது, எந்த வழியில் வர வேண்டும் என்று சொல்லும் நிதி நிபந்தனைதான்.

தில்லி வளர்ச்சி ஆணையம் 1982இல் பிகாஜி காமா பிளேஸில் ஒரு மனையை ஏலம் விட்டபோது, அதை 3.12 கோடி ரூபாய்க்கு எடுத்த கைலாஷ் நாத் அசோசியேட்ஸ் நிறுவனம், கால் பங்கான 78 லட்சத்தை முன்பணமாகக் கட்டிவிட்டு, மீதித் தொகைக்கு அவகாசம் கேட்டது. ஆணையம் இசைந்து கொடுத்துவந்து, பிறகு 1987இல் ஏலத்தை ரத்து செய்து முன்பணத்தையும் பறிமுதல் செய்தது. அதே மனை 1994இல் 11.78 கோடிக்கு மறுஏலம் போனது. புதிய கெடு எதையும் குறிக்காமல் அவகாசம் தந்த ஆணையம் பழைய கெடுவைக் காட்டி மீறல் என்று சொல்ல முடியாது என்றும், ஒப்பந்த மீறலுக்கான இழப்பீட்டைப் பேசும் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு நியாயமான ஈட்டுத்தொகையை மட்டுமே அனுமதிப்பதால், நட்டமே படாதவர் முன்பணத்தை வைத்துக்கொள்ள வழியில்லை என்றும் 2015இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அத்தொகையை 9 சதவீத வட்டியுடன் திருப்பித் தரச் சொன்னது.

இத்தீர்ப்பைப் பணம் கட்டத் தவறியவருக்கான சலுகையாக வாசிப்பது பிழை. நில விலை ஏறிக்கொண்டே போகும் காலத்தில், தவணைக் கெடுவைப் பெயரளவுக்கானதாகக் கருத முடியாது என்பதைச் சாரதாமணி கந்தப்பன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011இலேயே வலியுறுத்தியிருந்தது. கிரயத்தை நிறைவேற்றித் தரக் கோரி வழக்குத் தொடுப்பவர், தம்மிடம் பணம் திரட்டும் வலு இருந்தது, வாங்கும் மனமும் இருந்தது என்ற இரண்டையும் மெய்ப்பிக்க வேண்டும். வங்கி கடன் தர மறுத்தது என்பது இங்கே சாக்காகாது. கைமுடையைத் தவிர்க்க முடியாத இடராகச் சட்டம் ஏற்பதில்லை. ‘கடன் அனுமதியானால் மட்டுமே’ என்ற நிபந்தனையை ஒப்பந்தத்திலேயே தெளிவாக எழுதியிருந்தால் கதை வேறு; அது நிபந்தனைக்குட்பட்ட ஒப்பந்தமாகி, நிபந்தனை நிறைவேற வழியில்லாதபோது தானே செல்லாததாகிவிடும். எத்தனை நாளுக்குள், எவ்வளவு கடன், மறுக்கப்பட்டால் அட்வான்ஸ் யாருக்கு என்பதையும் சேர்த்து எழுதாவிட்டால், அதுவே அடுத்த வழக்குக்கு வித்தாகும்.

கட்டுமான நிறுவனத்தின் பக்கம் நிதி ஒழுங்கைக் கொண்டுவந்தது, ரெரா எனப்படும் 2016ஆம் ஆண்டு மனை வணிகச் சட்டம். வாங்குபவர்களிடம் பெறும் தொகையில் 70 சதவீதத்தைத் தனி வங்கிக் கணக்கில் வைத்து, அந்தத் திட்டத்தின் நிலத்துக்கும் கட்டுமானத்துக்கும் மட்டுமே செலவிட வேண்டும். தாமதத்துக்கு இரு தரப்பும் ஒரே வட்டி விகிதத்துக்குக் கட்டுப்பட வேண்டும். வாங்குபவருக்குக் கடும் வட்டியும் நிறுவனத்துக்குச் சொற்ப வட்டியுமாக அச்சிட்டுக் கையெழுத்து வாங்கிய வழக்கத்துக்கு இது தேவையான கடிவாளம்.

கூட்டு ஒப்பந்தத்துக்கு நிலம் தருபவரின் நிலைதான் இன்னும் நலிந்தது. கட்டித் தருபவர் மீது அவர் நுகர்வோராக முறையிடலாம் என்று உச்ச நீதிமன்றம் 2008இல் ஃபகீர் சந்த் குலாட்டி வழக்கில் சொல்லியிருக்கிறது என்றாலும், அது தகராறு முற்றிய பிறகு கிடைக்கும் பரிகாரம். நிலம் தருபவர்கள், கட்டித் தருபவருக்குத் தம் சார்பில் செயல்பட அதிகாரம் தரும் பவர் பத்திரத்தில் கையெழுத்திடும் முன், நிலத்தை அடமானம் வைத்துக் கடன் வாங்கும் அதிகாரம் அதில் கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று வரிவரியாகப் படித்துப் பார்க்க வேண்டும்.