சுவர்ச் சாந்து உட்கருவுக்குப் போன கதை

லால்பேட்டையில் வீடு கட்டுமிடங்களில் கொத்தனார் செங்கற்களைச் சாந்து வைத்து இணைப்பதை நாம் கண்டிருக்கிறோம். நம் உடலின் செல்களை அவ்வாறு இணைப்பவை கேட்ஹெரின் என்னும் புரதங்கள். செல்லின் உட்புறமிருந்து அவற்றைத் தாங்கிப் பிடிப்பது பீட்டா கேட்டெனின். சாந்து சுவரிலேதானே இருக்கும்? இதுவோ சில வேளைகளில் உட்கருவுக்குள்ளேயே சென்றுவிடுகிறது!

இதை அறிய உதவியது ஒரு பழ ஈ. 1973-ல் புதுடில்லி இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஆர். பி. சர்மா, இறக்கையின்றிப் பிறந்த ஈக்களைப் பற்றி எழுதி, அம்மாற்றத்துக்கு 'விங்லெஸ்' என்று பெயரிட்டார். இறக்கையற்றது என்பது பொருள். (பெயரைக் கேட்டு எங்கள் வகுப்பே சிரித்தது.) அந்த ஜீன் உண்டாக்கும் புரதம், செல்லுக்குச் செல்லு அனுப்பும் ஒரு செய்தி என்பது பின்னர் விளங்கிற்று. செய்தி வராதவரை, இணைப்பு வேலையில் இல்லாத பீட்டா கேட்டெனினைச் செல் உடனுக்குடன் அழித்துவிடும். செய்தி வந்தால் அழிப்பு நிற்கும். மிஞ்சியது உட்கருவை அடைந்து, டி.சி.எஃப். என்னும் புரதத்தோடு சேர்ந்து ஜீன்களை இயக்கும்.

நம் குடலின் உட்சுவர் சில நாள்களுக்கொரு முறை புதுப்பிக்கப்பட இக்கட்டளை வேண்டும். ஆனால், அழிக்கும் வேலைக்கு உதவும் ஏ.பி.சி. என்னும் புரதம் பழுதானால், செய்தி வராமலே செல்கள் ஓயாது பெருகும். பெருங்குடல் புற்றுநோய்களில் பெரும்பாலானவை இப்படித்தான் தொடங்குகின்றன.